அரை டம்ளர்

தாலிக்கொடியைக் கழற்றவே வேண்டியதில்லை, வயிற்றுப் பக்கம் தொங்காமல் கழுத்தோடு ஏற்றிவிட்டுக்கொண்டால் போதும் என்றுதான் ஸ்கேன் எடுக்கிற பெண் சொன்னாள். மெர்சி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம். கொக்கி, ஊக்கு, நகை எதுவும் படமெடுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் படத்தில் வெள்ளையாக விழும் என்று அவள் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே சம்பூரணத்தின் கை கழுத்துக்குப் போய்விட்டது. தொங்கிக்கொண்டிருந்த ஊக்குகளோடு சேர்த்துக் கொடியைத் தலைவழியாக உருவினாள். கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நங்கையாளின் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தாள். நங்கையாள் என்றால் புருஷனுடைய அக்காள், தெய்வாத்தாள். சின்ன வயதிலேயே தாலியறுத்து வெள்ளைச் சேலையோடு தம்பி வீட்டுக்கு வந்து, வந்த அன்றே அடுப்பங்கரைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டவள். “கையில குடுக்கறயே புள்ள, என்ற கையிலயா குடுக்கறது? முந்தானையில போடு, முந்தானையில போடு” என்று கிழவி பதறித் தலைப்பை விரிப்பதற்குள் கொடி அவள் கையில் விழுந்துவிட்டது. கலியாண வீட்டில் மஞ்சள் தட்டைக்கூடத் தொடாமல் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறவள் அவள். “பத்திரமாப் புடிச்சுக்கங் நங்கையா. கீழ வெச்சிராதீங், தாலி” என்று சொல்லிவிட்டுச் சம்பூரணம் உள்ளே வந்தாள். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு அவள் கழுத்தில் ஏற்கெனவே இருந்தது. நகையைக் கழற்றச் சொல்வார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தம்பி உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று காகிதத்தில் மடித்து எடுத்து வந்து கொடுத்தவளும் அதே கிழவிதான். கட்டிக்கொள்ள மாட்டேன் என்றா சொன்னாள் சம்பூரணம்? புருஷன் மேல் அவளுக்கு என்ன கோபம். சென்னியப்பன் வாயில்லாப் பூச்சி. அக்காள் கிழித்த கோட்டைத் தாண்டாத மனுசன். கோபமெல்லாம் கோடு கிழித்தவள் மேல்தான்.

ஸ்கேன் என்றதும் குகைக்குள் தள்ளிக் கொட்டுக் கொட்டென்று அடிப்பார்கள் என்று பயந்துகொண்டு வந்திருந்தாள். இங்கே ஒரு மெத்தைக் கட்டில், அதன் மேல் ஒரு கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இயந்திரம், மூலையில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். மெர்சி அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் தூக்கிப் பெட்டி மாதிரியான ஒரு மெத்தைத் துண்டின் மேல் வைத்தாள். “இப்பிடி வெச்சாத்தான் முதுகு நல்லாப் படியும்மா. வலிக்காது, ஊசி கிடையாது. அசையாம மட்டும் இருங்க. இன்னிக்குக் கால்சியம் மாத்திரை ஏதாவது போட்டீங்களா?” என்று கேட்டாள். “பச்சத் தண்ணி பல்லுல படுலீங்” என்றாள் சம்பூரணம் பெருமையாக. “ஏம்மா? நல்லாச் சாப்பிட்டே வரலாமே. இதுக்கு வெறும் வயிறு வேண்டாம். யாரு சொன்னா?” யார் சொன்னா. யார் சொல்லியிருப்பார்கள். “ஸ்கேன்னா வெறும் வவுறு, அது தெரியாதா உனக்கு” என்று விடிகாலையில் இட்லிக் குண்டாவை எடுத்துக் கவிழ்த்து வைத்தவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். காபிகூடக் கிடையாது. அறுபது வயதைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, மணிக்கட்டு ஒடிந்து கட்டுப் பிரித்து, எலும்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க ஈரோட்டுக்கு வந்து படுத்திருக்கிற இந்த நாளிலும் அவள் வாய்க்குப் போகிற டம்ளரைத் தடுத்தது அந்தக் கைதான். மஞ்சள் கிழங்கு எடுத்து வர ஞாபகம் இருந்திருக்கிறது, நாலு இட்லி எடுத்து வர ஞாபகம் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால் கிழவியும் சாப்பிடவில்லை. அவளுக்கும் இன்றைக்கு ஸ்கேன். மகன் யுவராஜ், அம்மாவைக் கூட்டிப் போகிறபோது அத்தையையும் எடுத்துவிடலாம் என்று இரண்டு பேரையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மஞ்சள் மண்டிக்குப் போயிருக்கிறான். கிழவிக்கு முதலில் எடுத்தாகிவிட்டது. கழற்ற ஒன்றுமில்லாத உடம்பு, போனாள், வந்தாள். தானும் பட்டினி கிடந்து பட்டினி போடுகிறவளை என்ன சொல்லி ஏசுவது? ஏசுவதற்கு ஒரு வாசல்கூட வைக்காமல் அடைத்திருந்தாள் தெய்வாத்தாள்.

இயந்திரத்தின் கை மெதுவாக நகரத் தொடங்கியது. லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான் சத்தம். வயிற்றுக்கு மேலே அது ஊர்ந்து ஊர்ந்து போவதைச் சம்பூரணம் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். பார், நன்றாகப் பார் என்று அதனிடம் சொன்னாள். ஒன்றையும் விடாதே. இந்த முதுகெலும்பு கட்டுத்தரையில் குந்தி உட்கார்ந்து நாலு மாடு கறந்த முதுகெலும்பு. காலையும் கறந்தாள், மாலையும் கறந்தாள். முட்டி வரைக்கும் நுரை தெறிக்கும், தலைமுடியெல்லாம் பால் வாசம் அடிக்கும், மாமியார் இல்லாத வீடு என்று ஆசைப்பட்டுக் கட்டிக் கொடுத்த வீட்டில். கறந்து முடிப்பதற்குள் கட்டுத்தரை வாசலில் கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நங்கையாள் நிற்பாள். பால் கேனுக்குப் போகும், கேன் சொசைட்டிக்குப் போகும், வீட்டுக்கு ஒரு சொம்பு நிற்கும். அந்தச் சொம்பில் தம்பிக்கு ஒரு டம்ளர், பண்ணையத்து ஆளுக்குக் காபி, வருகிற போகிறவர்களுக்குக் காபி. அப்புறம் சொம்பைச் சாய்த்துப் பார்த்து, “அவளுக்கு அரை டம்ளர் போதும்.” அந்த அரை டம்ளரிலும் தண்ணீர் கலந்த பாதியை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கன்றுக்குட்டிக்கு ஒரு காம்பு விட்டார்கள், அதுகூட இதைவிட அதிகம். ஒரு நாள், பிரசவம் ஆகி யுவராஜ் கைக்குழந்தையாக இருந்தபோது, பசி தாங்கவில்லை. மாட்டின் மடிக்குக் கீழே தலையைச் சாய்த்துக் காம்பைத் திருப்பி வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டாள். சூடாக இருந்தது. இரண்டு வாய். தலையைத் தூக்கினால் வாசலில் வெள்ளைச் சேலை. “எச்சப் பண்ணிப்போட்டயா” என்றாள் நங்கையாள். வாய் படாத வாளி அது, ஒரு சொட்டு எச்சில் அதில் விழவில்லை. அந்த வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் ஊற்றினாள். சாணத்தின் மேல் பால் பரவிப் போனதைச் சம்பூரணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குடிக்கக் கொடுக்காததைக்கூட ஒரு நாள் மறந்திருப்பாள். கொட்டியதை எப்படி மறப்பது?

“மூச்சை அடக்க வேண்டாம்மா, சாதாரணமா விடுங்க” என்றாள் மெர்சி மூலையிலிருந்து. அடக்கிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை. விட்டாள். “இதுல எப்பிடீங் கண்டுபுடிக்கறது, நல்ல எலும்பு கெட்ட எலும்புன்னு?” என்று கேட்டாள். “முப்பது வயசுப் பொண்ணுக்கு எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குமோ அதோட உங்களுதை ஒத்துப் பார்க்கும். எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு மைனஸ் போட்டு வரும்” என்றாள். முப்பது வயதுப் பெண். எந்த முப்பது வயதுப் பெண்? யார் வீட்டுப் பெண்? சம்பூரணத்துக்கும் முப்பது வயது நடந்தது. இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, பல்லொன்று ஆடி விழுந்து, கருப்பட்டித் தண்ணீரைக் காபி என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்த முப்பது. அந்த முப்பதோடு ஒப்பிட்டால் இந்த இயந்திரம் என்ன சொல்லும்? ஒன்றும் குறையவில்லை, இருந்தால்தானே குறைவதற்கு என்று சொல்லும். இல்லை, அது வேறு எங்கோ பாலும் முட்டையும் தின்று வளர்ந்த ஒரு முப்பதோடுதான் ஒப்பிடும். ஒப்பிடட்டும். அதுதான் வேண்டும். எலும்பெல்லாம் சல்லடை, சோளத்தட்டு மாதிரி உள்ளே ஒன்றுமில்லை என்று வரட்டும். டாக்டர் வாயால் வரட்டும். கிழவியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, “ஏம்மா, சின்ன வயசுல பால் குடிக்கலையா?” என்று டாக்டர் கேட்கட்டும். அப்போது சம்பூரணம் ஒன்றும் சொல்ல மாட்டாள். திரும்பி நங்கையாள் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஸ்கேன் என்றதும் மறுபேச்சுப் பேசாமல் காரில் ஏறி உட்கார்ந்தாள். மனிதர்கள் சாட்சி சொல்லவில்லை, புருஷன் சொல்லவில்லை, எலும்பாவது சொல்லட்டும்.

மெர்சி வந்து பெட்டி மெத்தையை எடுத்துவிட்டு, இடது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு பலகையோடு வைத்துப் பட்டையால் கட்டினாள். “அடுத்தது இடுப்புங்கம்மா. உங்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு எலும்பு ஒடைஞ்சிருக்கா?” “அம்மாவுக்குங்” என்றாள். அம்மா பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி, மடியில் நாட்டுச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு பேரனைப் பார்க்க வந்த அன்றைக்கு, விருந்தாளி என்று அம்மாவுக்கு ஒரு டம்ளர் நிறையக் காபி வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அரை டம்ளர் வந்தது. அம்மா இரண்டு டம்ளரையும் பார்த்தாள். தன் டம்ளரைச் சாய்த்து மகள் டம்ளரில் ஊற்றினாள். “சொசைட்டிக்கு ஊத்தோணுமில்லீங் சம்பந்தியம்மா, இல்லாட்டி நானென்ன கஞ்சமா” என்றாள் நங்கையாள். அம்மா சிரித்தாள், பெண்ணைக் கொடுத்தவள் வேறென்ன செய்வாள். அந்த அம்மாதான் பின்னாளில் பாத்ரூம் படியில் வழுக்கி இடுப்பு ஒடிந்து படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர் வேண்டுமென்றாலும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடப்பாள், யாராவது வர வேண்டும், வருகிறவர்களுக்கு மனசு இருக்க வேண்டும். அதை நினைத்ததும் சம்பூரணத்துக்குக் கால் விறைத்தது, பட்டை இறுக்கியது. என்ன வேண்டிக்கொண்டோம் இப்போது? எலும்பு சல்லடையாக இருக்கட்டும் என்றா? ஐயையோ. சல்லடையாக இருந்தால் விழுவாள், விழுந்தால் படுப்பாள், படுத்தால் அந்த வீட்டில் அவளுக்கு ஊற்றுகிறவள் யார்? மருமகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். பகலெல்லாம் கட்டிலோரம் வெள்ளைச் சேலை வந்து நிற்கும். சொம்பைச் சாய்த்துப் பார்க்கும். போதும் என்று சொல்லும். வேண்டாம் சாமி, வேண்டாம். எலும்பு இரும்பாக இருக்கட்டும்.

ஆமாம், இரும்பாக இருக்கட்டும். அதுதான் சரி. யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும், ஆனால் அந்தக் காலம் வருகிறபோது பூனை நாலு காலில் நிற்க வேண்டும். கிழவிக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு நடப்பாள்? ஒரு நாள் விழுவாள். விழத்தான் வேண்டும். அன்றைக்குச் சம்பூரணம் ஓடி வருவாள், தூக்குவாள், கட்டிலில் போடுவாள், ஊரே மெச்சும்படி பார்த்துக்கொள்வாள். காலையில் பாலைச் சுண்டக் காய்ச்சுவாள், வாசம் கட்டில் வரைக்கும் போகும்படி. பெரிய டம்ளரில் ஊற்றி நுரை வர ஆற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தானே குடிப்பாள். மெதுவாகக் குடிப்பாள். அப்புறம் சொம்பைச் சாய்த்துப் பார்ப்பாள். இதை எத்தனை தடவை நினைத்திருக்கிறாள் என்று கணக்கில்லை. மற்றவர்கள் சாமி கும்பிடுகிற மாதிரி விளக்கு வைத்ததும் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வாள், மனசு குளிரும். ஆனால் எலும்பு இரும்பு என்று வந்தால் டாக்டர் என்ன சொல்லுவார்? உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்க என்பார். கிழவி உடனே சொல்லுவாள், “பாத்தியா, என்ற கையில வளந்த ஒடம்பு, அரை டம்ளருக்கே இந்தத் தெம்பு.” அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உயிரோடு வீடு போய்ச் சேருவது? சல்லடை என்றால் படுக்கை. இரும்பு என்றால் அவளுக்கு நற்சாட்சிப் பத்திரம். எந்தப் பக்கம் போனாலும் கேன் மூடியோடு நிற்கிறாள். இயந்திரத்தின் கை இடுப்புக்கு மேலே போய் நின்றது, திரும்பியது, மறுபடி ஊர்ந்தது. இப்போது வெளியே அவள் என்ன செய்துகொண்டிருப்பாள்? தாலியை முந்தானையில் மாற்றியிருப்பாள். இல்லை, கையால் மறுபடி தொட வேண்டுமே, அதற்குப் பயந்து அப்படியே வைத்திருப்பாள். சுடட்டும். நெருப்புத் துண்டு மாதிரிச் சுடட்டும். சம்பூரணத்துக்கு வயிற்றுப் பசிக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. “அசையாதீங்கம்மா” என்றாள் மெர்சி.

முடிந்தது என்று பட்டையை அவிழ்த்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது. வலியில்லை, ஒன்றுமில்லை. எழுந்தால் தலை மட்டும் கிறுகிறுத்தது, அது பசி. வெளியே வந்தாள். தெய்வாத்தாள் நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாலிக்கொடி கிடந்த உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருக்க, கையை மடியிலும் வைக்காமல், பெஞ்சிலும் வைக்காமல், உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிப் பிடித்திருந்தாள். கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை. “எடுத்துக்க புள்ள, சீக்கிரம் எடுத்துக்க” என்றாள். அவள் குரல் இப்படிக் கெஞ்சிச் சம்பூரணம் கேட்டதில்லை. கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள், அவசரப்படாமல், ஊக்குகளை ஒவ்வொன்றாக நேர் பண்ணிக்கொண்டு. கை வலிக்குதுங்களா என்று கேட்கவில்லை.

டாக்டர் அறையில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். சம்பூரணத்தின் படத்தை முதலில் பார்த்தார். “உங்களுக்குக் கொஞ்சம் தேய்மானம் இருக்கு. இந்த வயசுக்கு இது சகஜம். மாத்திரை தர்றேன், நடங்க, வெயில்ல நில்லுங்க, போதும்.” அவ்வளவுதான். சல்லடையும் இல்லை, இரும்பும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சம்பூரணம் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் இன்னொரு படத்தை எடுத்துவிட்டார், எடுத்தவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி பார்த்தார். “பெரியம்மா, முதுகு வலி எத்தனை வருஷமா?” என்றார். “அது கெடக்குதுங்க” என்றாள் தெய்வாத்தாள். “கெடக்குதா? ரெண்டு முதுகெலும்பு ஏற்கனவே அமுங்கி ஒடைஞ்சிருக்கு. எலும்புல சத்தே இல்லை. பால் கீல் குடிப்பீங்களா?” தெய்வாத்தாள் அவரை ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரிப் பார்த்தாள். “நானுங்களா? நானெதுக்குங்க பாலு குடிக்கோணும்? கொழந்தையா, மாசக்காரியா?”

சம்பூரணம் நினைத்துப் பார்த்தாள். கையில் டம்ளரோடு அவளைப் பார்த்த ஒரு நாள் ஞாபகத்துக்கு வருகிறதா என்று தேடினாள். சொம்போடு வந்தாள், கேனோடு வந்தாள், மூடியோடு வந்தாள். டம்ளரோடு வரவில்லை. எரிச்சலாக வந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் கழித்து இதை வேறு கொண்டுவந்து குறுக்கே போடுகிறாளா? தான் குடிக்காவிட்டால் அடுத்தவள் வாயில் அடிக்கலாமா? குப்பைக் குழியில் ஊற்றியது யார் குடிப்பதற்கு? இரக்கப்படச் சொல்லி மனசின் ஒரு மூலை முணுமுணுத்தது. போ என்று அதை விரட்டினாள். “இவங்க குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, விழவே கூடாது” என்றார் டாக்டர். “சமையல்கட்டுப் பக்கமே விடாதீங்க. கூட இருந்து நேரத்துக்குப் பால், முட்டை எல்லாம் குடுத்துப் பார்த்துக்கணும். வீட்டுல யாரு பார்த்துக்குவீங்க?” தெய்வாத்தாள் தரையைப் பார்த்தாள். சம்பூரணம் கழுத்துக்கொடியை ஒரு தடவை சரி பண்ணிக்கொண்டாள். “நான்தானுங்” என்றாள்.

கீழே கேண்டீன் இருந்தது. யுவராஜ் வர இன்னும் நேரமாகும் என்று போன் பண்ணினான். சம்பூரணம் நங்கையாளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, பார்க்கிறவர்கள் எல்லாம் நல்ல மனுசி என்று நினைக்கும்படி, மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்தாள். “எனக்கு ஒரு பால். பெரிய டம்ளர்ல, தண்ணி படாம” என்றாள். வந்தது. ஆடை படிந்து நின்ற பால். ஆற்றவில்லை. சுடச்சுட ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். தெய்வாத்தாள் வேறு எங்கோ பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவளுக்கும் பசி, அவளும் விடிகாலையிலிருந்து பட்டினி. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. டம்ளரின் அடியைக் காலி பண்ணிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கேண்டீன்காரரைக் கூப்பிட்டாள் சம்பூரணம். கிழவியின் காதில் விழும்படி தெளிவாகச் சொன்னாள்.

“இவங்களுக்கு அரை டம்ளர் போதுங்.”

தெய்வாத்தாள் திரும்பினாள். அவள் கண் ஒரு நொடி சம்பூரணத்தின் மேல் நின்றது. தெரிந்துகொண்டாள், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள், சந்தேகமே இல்லை. ஏதாவது சொல்லுவாள் என்று சம்பூரணம் காத்திருந்தாள். சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டியவை நாற்பது வருஷமாக நாக்கு நுனியில் இருந்தன. அரை டம்ளர் வந்தது. தாலியைத் தாங்கியிருந்த அந்தக் கை டம்ளரைப் பற்றியது. ஒரே மூச்சில் குடித்தாள், அண்ணாந்து, கடைசிச் சொட்டு விழும் வரைக்கும் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. கீழே வைத்தாள். உதட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை. அப்புறம் டம்ளரை மேசை மேல் சம்பூரணத்தின் பக்கமாக விரலால் தள்ளினாள்.

“இன்னங் கொஞ்சம் ஊத்தச் சொல்லு அம்மிணி” என்றாள்.

சம்பூரணம் அந்தக் காலி டம்ளரைக் கையில் எடுத்தாள். சாய்த்து உள்ளே பார்த்தாள். கேண்டீன்காரர் பால் கரண்டியோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“பொறுங் நங்கையா” என்றாள்.